20 ஆண்டு தீராத தலைவலி... காரணம் சொந்த ஆய்வகத்திலேயே இருந்தது! பாதரசத்தை அளந்த ஆல்ஃபிரட் ஸ்டாக் யார்?

1926-ம் ஆண்டு. ஜெர்மனியில் வேதியியலாளர்கள் வழக்கமாகப் படிக்கும் ஒரு தொழில்துறை இதழில் வித்தியாசமான கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர் அந்நாட்டின் முன்னணி வேதியியல் பேராசிரியர்களில் ஒருவர். அதில் அவர் பேசியது தன் உடம்பைப் பற்றி. பல வருஷமாக விடாத தலைவலி, தலைசுற்றல், மூக்கடைப்பு, ஈறில் ரத்தக் கசிவு, எல்லாவற்றுக்கும் மேல் பயமுறுத்தும் ஞாபக மறதி. இதற்கெல்லாம் காரணம் தன் ஆய்வகத்தில் காற்றோடு கலந்திருந்த பாதரச ஆவிதான் என்று அவர் எழுதினார். மற்ற ஆய்வகங்களில் இருப்பவர்களும் உடனே உஷாராக வேண்டும் என்று எச்சரித்தார்.

அவர் பெயர் ஆல்ஃபிரட் ஸ்டாக். ரத்தத்திலும் சிறுநீரிலும் மீனிலும் நிலக்கரியிலும் மிக நுண்ணிய அளவில் ஒளிந்திருக்கும் பாதரசத்தை அளக்கும் வேலையைத் தீவிரமாகத் தொடங்கி வைத்த விஞ்ஞானிகளில் முக்கியமானவர். அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரியது.

யார் இந்த ஸ்டாக்?

1876 ஜூலை 16-ம் தேதி டான்சிக் நகரில் பிறந்தார். அப்போது அது ஜெர்மனியின் துறைமுக நகரம். இப்போது போலந்தில் இருக்கும் குதான்ஸ்க். பெர்லின் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். அங்கே எமில் ஃபிஷரின் ஆய்வுக்கூடம்தான் அவரை வளர்த்தது. பிறகு பாரிஸ் போய், ஃபுளூரினைத் தனியாகப் பிரித்துக் காட்டிய ஹென்றி முவாசானிடம் ஓராண்டு வேலை பார்த்தார். ஃபிஷர் 1902-லும் முவாசான் 1906-லும் நோபல் பரிசு வாங்கியவர்கள். இப்படி இரண்டு ஜாம்பவான்களிடம் தொழில் கற்றவர் ஸ்டாக்.

நம்ம ஊர் பிளஸ் டூ மாணவர்களுக்கும் ஸ்டாக் ஒருவகையில் அறிமுகமானவர்தான். இரும்பு குளோரைடு என்று எழுதும்போது இரும்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் போடுகிறோமே, அந்த முறையை 1919-ல் முன்வைத்தவர் இவர். அணைவுச் சேர்மங்கள் பாடத்தில் வரும் லிகாண்ட், அதாவது ஈனி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் இவரே.

1909-ல் பிரெஸ்லாவ் நகரின் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். இப்போது போலந்தின் விரோட்ஸ்வாஃப். அவருடைய பெரிய ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பமானது. பிரச்சினையும் அங்கேதான் வேர் பிடித்தது.

போரானைத் தேடிப் போனவர், பாதரசத்தில் மாட்டியது எப்படி?

கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான பொருட்கள் உருவாகின்றன. பெட்ரோல், மெழுகு, சமையல் எரிவாயு எல்லாம் அந்த வகைதான். தனிம அட்டவணையில் கார்பனுக்குப் பக்கத்து வீடு போரான். அதுவும் ஹைட்ரஜனோடு சேர்ந்து இப்படி ஒரு பெரிய குடும்பத்தை உருவாக்குமா? ஸ்டாக்கைப் பிடித்து ஆட்டிய கேள்வி இதுதான்.

விடை கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த போரேன்கள் மகா முரட்டுத்தனமானவை. காற்று பட்டால் சில வகைகள் தானாகவே தீப்பற்றும். தண்ணீர் பட்டால் சிதையும். மூக்கில் ஏறினால் விஷம். ஆகவே, காற்றே இல்லாத இடத்தில்தான் இவற்றைக் கையாள முடியும்.

ஸ்டாக் அதற்காக ஒரு கண்ணாடி உலகத்தையே கட்டினார். கண்ணாடிக் குழாய்கள், குடுவைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஊதி ஒட்டப்பட்டு, உள்ளே இருக்கும் காற்று முழுக்க உறிஞ்சி எடுக்கப்பட்டிருக்கும். அந்த வெற்றிடத்துக்குள்ளேயே வாயுக்களை உறைய வைத்து, ஆவியாக்கி, பிரித்து, எடை போடுவார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கும் வெற்றிடக் குழாய் அமைப்புக்கு முன்னோடி அதுதான்.

ஆனால் குழாய்களைத் திறந்து மூட வால்வு வேண்டுமே! சாதாரணக் கண்ணாடிக் குழாய்த் திருகுக்கு கிரீஸ் தடவ வேண்டும். போரேன்கள் கிரீஸைத் தாக்கும், அதில் கரையும். அதனால் ஸ்டாக் கிரீஸே இல்லாத வால்வுகளை வடிவமைத்தார். அவற்றை மூடுவதற்கு அவர் பயன்படுத்தியது திரவப் பாதரசம். காற்றை உறிஞ்சும் பம்புகளிலும் பாதரசம். அழுத்தத்தைக் காட்டும் மானிகளிலும் பாதரசம். ஆய்வகத்தில் எங்கே திரும்பினாலும் அந்த வெள்ளித் திரவம்தான்.

வேலை ஜோராக நடந்தது. 1912 தொடங்கி போரேன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பின்னர் சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களிலும் அதே முறையில் இறங்கினார். இந்தத் துறையில் அதற்கு முன் வெளிவந்திருந்தவற்றில் நம்பக்கூடியது மிகக் குறைவு. ஸ்டாக் ஏறக்குறைய தனியாளாக அஸ்திவாரம் போட்டார் என்று சொன்னால் அது மிகையில்லை.

1916-ல் பெர்லின் டாலெம் பகுதியில் இருந்த கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிறுவனத்துக்கு வந்தார். முந்தைய ஆண்டு நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர் காலி செய்துவிட்டுப் போன இடம் அது. ஓட்டோ ஹானும் லிசே மைட்னரும் வேலை பார்த்ததும் அதே கட்டடம்தான். 1938-ல் அணுக்கருப் பிளவு கண்டறியப்பட்டதும் அங்கேதான். ஆனால் அது வேறு கதை.

டாக்டர்களுக்கே புரியாத நோய்

முதலில் லேசான தலைவலி. அப்புறம் அடிக்கடி. பிறகு நாள் முழுக்க. கூடவே தலைசுற்றல், பார்வை மங்கல். மூக்கும் தொண்டையும் எப்போதும் அடைத்துக்கொண்டே இருக்கும். காது கேட்பது குறைந்தது. மூக்குதான் பிரச்சினை என்று நினைத்த மருத்துவர்கள் அதற்குத் திரும்பத் திரும்ப சிகிச்சை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பரவாயில்லை போலத் தெரியும். மறுபடியும் அதே கதை.

உடம்பு வலியைக்கூடத் தாங்கிக்கொண்டார். அவரை உலுக்கியது மூளை தடுமாறியதுதான். டெலிபோன் புத்தகத்தில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு போனை எடுப்பதற்குள் அது மறந்துவிடும். சின்னப் பெருக்கல் கணக்கு சறுக்கும். கொஞ்ச நேரம் முன்பு படித்தது நினைவில் நிற்காது. நன்றாகத் தெரிந்தவர்களின் பெயர் வாய்க்கு வராது. எண்களோடு வாழும் ஒரு விஞ்ஞானிக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன? கூட்டங்களைத் தவிர்த்தார், ஒதுங்கினார், எதிலும் உற்சாகம் இல்லாமல் போனது.

வயதாகிறது, வேலைப் பளு அதிகம் என்று இதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் தொந்தரவுகள் தொடங்கியபோது அவர் முப்பதைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

1924-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. ஸ்டாக்கோடு அதே அறைகளில் வேலை பார்த்த உதவியாளர்களுக்கும் அதே தொந்தரவுகள் வந்தன. ஒரே அறையில் பலருக்கு ஒரே நோய் என்றால், அறையில்தானே ஏதோ இருக்க வேண்டும்? பெர்லினைச் சேர்ந்த விஷவியல் நிபுணர் லூயிஸ் லெவின் பாதரசத்தைக் கைகாட்டினார். ஆய்வக அறைகளின் காற்றைப் பரிசோதித்தபோது பாதரச ஆவி இருப்பது உறுதியானது.

இருபது வருஷமாகக் கண்ணுக்கு எதிரிலேயே இருந்த பொருள்! அது விஷம் என்று ஸ்டாக்குக்குத் தெரியாதா? தெரியும். தொப்பித் தொழிலாளிகள், கண்ணாடிக்கு ரசம் பூசுபவர்கள், பாதரசச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் கை நடுங்கி, பல் கொட்டிப்போவது நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஆனால் அங்கெல்லாம் பாதரசம் ஏராளமாகப் புழங்கியது. ஆய்வகத்தில் அங்கங்கே சிந்திய சில துளிகள், காற்றில் கண்ணுக்கே தெரியாத துளியூண்டு ஆவி, இது ஓர் ஆளை இப்படி ஆட்டிப்படைக்கும் என்று அன்றைக்குப் பெரும்பாலானவர்கள் நினைக்கவில்லை.

சிந்திய துளிகள் உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

பாதரசம் அறை வெப்பநிலையிலேயே மெதுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. 20 டிகிரி செல்சியஸில், மூடிய அறையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 13 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். பணியிடக் காற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இப்போது வைத்திருக்கும் வரம்பு 0.02 மில்லிகிராம்தான். அதாவது முழுசாக நிறைந்த காற்றில் வரம்பைப் போல 650 மடங்கு பாதரசம் இருக்கும்.

இன்னொரு கணக்கு. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 28 கன மீட்டர். ஒரு கிராம் பாதரசம் முழுக்க ஆவியானால் இப்படிப்பட்ட இரண்டரை அறைகளை நிரப்பிவிடும். ஒரு கிராம் பாதரசம் என்பது பருப்பு அளவுகூட வராத ஒரு குட்டித் துளி. அது ஒரே நாளில் ஆவியாகிவிடாது, காற்றோட்டம் இருந்தால் வெளியேறியும் விடும். ஆனால் பலகைத் தரையின் இடுக்கில் விழுந்த துளி அங்கேயே பல வருஷம் கிடந்து ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். குளிருக்காக ஜன்னலை அடைத்து வைத்திருக்கும் ஐரோப்பிய ஆய்வகத்தில் கேட்கவே வேண்டாம். துடைப்பத்தால் கூட்டினால் துளிகள் இன்னும் சின்னதாக உடைந்து, ஆவியாகும் பரப்பு கூடுமே தவிரக் குறையாது.

திரவப் பாதரசத்தை விழுங்கினால் அதில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் கலக்கும். ஆவியாகச் சுவாசித்தால் சுமார் 80 சதவீதத்தை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும். அங்கிருந்து ரத்தம் வழியாக மூளைக்குள்ளும் நுழைந்துவிடும். கையில் உருட்டி விளையாடிய பழைய கால ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

தலைமுடியைவிட மெல்லிய உருண்டை

காரணம் தெரிந்துவிட்டது. இனி அதை நிரூபிக்க வேண்டும். யார் உடம்பில் எவ்வளவு பாதரசம், எந்தக் காற்றில் எவ்வளவு, எந்த அளவுக்கு மேல் ஆபத்து? எண் இல்லாமல் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோ இருக்கலாம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அன்றைய சாதாரண ஆய்வகத் தராசு அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது.

ஸ்டாக்கும் அவரது மாணவர்களும் 1926 தொடங்கி பத்து வருஷத்துக்கு மேல் செதுக்கிய முறை இது. முதல் வேலை, மாதிரியில் இருக்கும் உயிர்ப் பொருளை அழிப்பது. சிறுநீரோ, ரத்தமோ, திசுவோ, அமிலமும் குளோரினும் சேர்ந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். பாதரசம் மட்டும் கரைசலில் உப்பாகத் தங்கும். இதைச் சூடு காட்டிச் சுட்டெரித்துவிடலாமே என்று தோன்றலாம். எரித்தால் பாதரசமும் புகையோடு பறந்துவிடும். மற்ற உலோகங்களை அளப்பவர்களுக்கு இல்லாத தலைவலி இது.

அடுத்து, கரைசலில் கொஞ்சம் தாமிர உப்பு சேர்த்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்துவார்கள். தாமிர சல்ஃபைடு வண்டலாகப் படியும்போது, தனியாகப் படிய முடியாத அளவு சொற்பமான பாதரசத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். அந்த வண்டலைத் திரும்பக் கரைத்து, மின்சாரம் செலுத்தி, பாதரசத்தை ஒரு மெல்லிய உலோகக் கம்பியின் மேல் படிய வைப்பார்கள். பிறகு அந்தக் கம்பியை ஒரு நுண்ணிய கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்குவார்கள். கம்பியை விட்டுப் பாதரசம் ஆவியாகிப் போய், குழாயின் குளிர்ந்த பக்கத்தில் பனித்துளி போல ஒட்டும்.

கடைசிக் கட்டம்தான் அழகு. அந்தத் துளிகளை எல்லாம் ஒரே உருண்டையாகச் சேர்த்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்து அதன் விட்டத்தை அளப்பார்கள். அவ்வளவுதான். தராசே வேண்டாம்! பாதரசத் துளி சின்னதாக இருந்தால் கச்சிதமான கோளமாக நிற்கும். விட்டம் தெரிந்தால் கன அளவு தெரியும், அடர்த்தி ஏற்கெனவே தெரியும், பெருக்கினால் எடை.

ஒரு மைக்ரோகிராம் பாதரசத்தின் உருண்டை சுமார் 0.05 மில்லிமீட்டர் விட்டம், அதாவது சராசரித் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்கு என்றால் 0.011 மில்லிமீட்டர். ஸ்டாக்கின் குழு அந்த எல்லை வரைக்கும் இறங்கியது. இதில் ஒரு சாதகம் உண்டு, ஒரு வில்லங்கமும் உண்டு. எடை எட்டில் ஒன்றாகக் குறைந்தாலும் விட்டம் பாதிதான் குறையும் என்பதால் மிகச் சின்ன அளவையும் கண்ணால் பார்க்க முடிகிறது. அதே காரணத்தால், விட்டத்தில் ஒரு சதவீதம் பிசகினால் எடையில் மூன்று சதவீதம் பிசகும்.

காற்றை அளப்பதற்கு வேறு வழி. காற்றை ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் வழியாக மெதுவாக இழுப்பார்கள். குழாயைத் திரவக் காற்றில் மூழ்க வைத்து உறைபனிக்கும் வெகு கீழே குளிர வைத்திருப்பார்கள். காற்றில் இருக்கும் பாதரசம் ஈரத்தோடு சேர்ந்து அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

எங்கே பார்த்தாலும் பாதரசம்!

கருவி கூர்மையானதும் புதுப் பிரச்சினை முளைத்தது. எதை அளந்தாலும் பாதரசம் வந்தது. சோதனைக்குப் பயன்படுத்தும் அமிலத்திலேயே கொஞ்சம் இருந்தது. ஆய்வகக் காற்றில் இருந்தது. மாதிரியே போடாமல், வெறும் வேதிப்பொருட்களை மட்டும் வைத்துச் சோதனையை நடத்திப் பார்த்து, அதில் வரும் அளவைக் கழிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் பாதரசப் பரிசோதனை செய்யும் எந்த லேபிலும் இந்த வெற்றுச் சோதனைதான் முதல் வேலை. அதைச் சரியாகச் செய்யாத முடிவைக் குப்பையில் போடலாம்.

பாதரசத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆட்களின் சிறுநீரிலும் ரத்தத்திலும்கூட அது சொற்ப அளவில் இருந்தது. அப்படியென்றால் எங்கிருந்து வருகிறது? ஸ்டாக்கின் குழு உணவுப் பொருட்களை அளந்தது. மீனை அளந்தது. 1934-ல் பாதரசம் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று ஒரு பெரிய கணக்கெடுப்பையே வெளியிட்டது. பாறை, மண், மழைநீர், காற்று, நிலக்கரி என்று எதுவும் விடுபடவில்லை.

ஸ்டாக்கின் வாதத்துக்கு இது இரு பக்கமும் வெட்டியது. பாதரசம் எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது என்றால், ஒருவர் சிறுநீரில் அது இருப்பதை மட்டும் வைத்து அவருக்கு நச்சுப் பாதிப்பு என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஸ்டாக்கை எதிர்த்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். குறிப்பாக ஒரு விஷயத்தில்.

பல் டாக்டர்களோடு சண்டை

1926 கட்டுரையில் ஸ்டாக் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. பல் சொத்தையை அடைக்கும் அமால்கம், அதாவது வெள்ளி ஃபில்லிங் என்று நாம் சொல்வதில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். அதிலிருந்தும் ஆவி வருகிறது, வாயில் வைத்திருப்பவருக்கு அது ஆபத்து என்று எழுதிவிட்டார். ஜெர்மனி முழுக்கப் பரபரப்பு. மக்கள் பல் டாக்டர்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மலிவாகவும் உறுதியாகவும் இருந்த அடைப்பை விட்டுவிட மருத்துவர்கள் தயாராக இல்லை. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில், ஃபில்லிங் உள்ளவர்களையும் பாதரசத்தோடு வேலை செய்பவர்களையும் பரிசோதிக்கத் தனி ஏற்பாடே செய்யப்பட்டது.

யார் சொன்னது சரி? ஃபில்லிங்கில் இருந்து ஆவி வருகிறது என்பதில் ஸ்டாக் சரியாகச் சொன்னார்; பிற்காலக் கருவிகள் அதை உறுதிசெய்தன. ஆனால் அந்த அளவு பெரும்பாலானவர்களுக்கு நோய் உண்டாக்குமா என்பதில் அவர் ஆரம்பத்தில் காட்டிய உறுதிக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. தன் உடம்பில் இருபது வருஷம் பட்ட பாடு அவர் பார்வையைக் கூர்மையாக்கியது. சில இடங்களில் அவசரப்படவும் வைத்தது. பழைய விஞ்ஞானிகளின் நோய்களுக்குக்கூட அவர் பாதரசத்தைக் காரணமாகத் தேடினார். மைக்கேல் ஃபாரடே கடைசிக் காலத்தில் ஞாபகத்தை இழந்ததும் இதனால்தான் இருக்கும் என்பது அவர் ஊகம்.

1940 வாக்கில், இறந்தவர்களின் உறுப்புகளில் பாதரசத்தை அளந்த முடிவுகளை வெளியிட்டார். சிறுநீரகத்திலும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலும் அது சேர்ந்திருந்தது. உடம்புக்குள் போகும் பாதரசம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லை, சில உறுப்புகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பதற்கு ஆரம்பகாலச் சாட்சிகளில் இதுவும் ஒன்று.

பாதரசத்தை அவர் விட்டுவிட்டாரா?

இல்லை. போரேன் ஆராய்ச்சி நடக்க வேண்டுமானால் பாதரசமும் வேண்டும். 1926-ல் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு மாறியபோது அங்கே ஆய்வகத்தையே வேறுமாதிரி அமைத்தார். நல்ல காற்றோட்டம், துளி ஒளிந்துகொள்ள இடுக்கு இல்லாத தரை, சிந்தியதை உடனே சேகரிக்கும் ஒழுங்கு. பாதரசத்தோடு எப்படிப் பாதுகாப்பாக வேலை செய்வது என்று திரும்பத் திரும்ப எழுதினார். இப்போது எல்லா ஆய்வகத்திலும் சாதாரணமாகத் தெரியும் இந்த விதிகளுக்குப் பின்னால் அவர் பங்கு பெரிது.

1932-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிறப்பு விரிவுரைகள் ஆற்றினார். போரான், சிலிக்கான் ஹைட்ரைடுகள் பற்றிய அந்த உரைகள் அடுத்த ஆண்டே புத்தகமாக வந்தன. அவர் பிரித்தெடுத்த போரேன்களில் அணுக்கள் எப்படிக் கட்டுண்டு நிற்கின்றன என்ற புதிர் மட்டும் அவர் காலத்தில் முழுசாக அவிழவில்லை. அதை விளக்கிய வில்லியம் லிப்ஸ்கோம்புக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டாக்கின் வாழ்க்கையில் சுத்தமாகப் பெருமைப்பட முடியாத பக்கமும் உண்டு. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1936 முதல் 1938 வரை ஜெர்மன் வேதியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். யூத விஞ்ஞானிகள் பல்கலைக்கழகங்களில் இருந்தும் சங்கங்களில் இருந்தும் துரத்தப்பட்ட காலம் அது. அவருடைய நோய்க்குப் பெயர் கொடுத்த லூயிஸ் லெவின் ஒரு யூதர், 1929-லேயே இறந்துவிட்டார். 1916-ல் ஸ்டாக் யார் இடத்துக்கு வந்தாரோ அந்த வில்ஷ்டேட்டரும் யூதர்தான்; 1939-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓட வேண்டியிருந்தது.

உடல்நிலை மோசமாகி 1936-ல் பேராசிரியர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார் ஸ்டாக். போரின் பிற்பகுதியில் சிலேசியாவின் வார்ம்ப்ரூன் என்ற சிறிய ஊருக்குக் குடிபெயர்ந்தார். 1945-ல் சோவியத் படைகள் நெருங்கியதும் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. எல்பே நதிக்கரையில் இருக்கும் ஆக்கன் என்ற ஊரில் 1946 ஆகஸ்ட் 12-ம் தேதி காலமானார். வயது 70.

அந்த உருண்டைக்கு அப்புறம் என்ன ஆச்சு?

நுண்ணோக்கியில் விட்டம் பார்ப்பதை இப்போது யாரும் செய்வதில்லை. பாதரச ஆவி 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை நன்றாக விழுங்கும். ஆவி வழியாக அந்த ஒளியைச் செலுத்தி, எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் பாதரசத்தின் அளவு தெரிந்துவிடும். 1960-களின் கடைசியில் இந்த முறை பரவலானது.

தலைமுடி, மீன், நிலக்கரி போன்ற திட மாதிரிகளுக்கு இன்னும் சுலபமான கருவி இருக்கிறது. மாதிரியை ஆக்சிஜனில் எரித்து, வரும் புகையைத் தங்கப் பூச்சு கொண்ட பொறி வழியாக அனுப்புவார்கள். நகைக்கடைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்: பாதரசம் தங்கத்தைக் கண்டால் விடாது. பிறகு தங்கத்தைச் சூடாக்கினால் பாதரசம் மொத்தமாக வெளியே வரும், ஒளியால் அளந்துவிடலாம். சில நிமிஷ வேலை. பிடித்து வை, சூடாக்கி விடுவி, அப்புறம் அள என்ற வரிசை மட்டும் ஸ்டாக்கின் கம்பிக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.

எரிபொருளில் இதை ஏன் அளக்க வேண்டும்? நிலக்கரியில் பாதரசம் மிகக் குறைவு. ஒரு டன்னுக்குச் சராசரியாக 0.1 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு அனல் மின் நிலையம் பத்து லட்சம் டன் எரித்தால் அது 100 கிலோ. இயற்கை எரிவாயுவிலும் சொற்பம் இருக்கும். அது அலுமினியத்தை அரித்துவிடும். 1973-ல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா எரிவாயு ஆலையில் அலுமினிய வெப்பப் பரிமாற்றி சேதமானது இதனால்தான். அதற்குப் பிறகே எரிவாயுத் துறை பாதரசத்தைத் தேடித் தேடி நீக்க ஆரம்பித்தது.

ஸ்டாக் தொடங்கிய ஃபில்லிங் சர்ச்சையும் ஓயவில்லை. 2025 ஜனவரி 1 முதல், மருத்துவர் அவசியம் என்று கருதும் சில நேரங்களைத் தவிர, பல் அமால்கம் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டுவிட்டது. சுற்றுச்சூழலில் பாதரசத்தைக் குறைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஏற்கெனவே வாயில் நல்ல நிலையில் இருக்கும் ஃபில்லிங்கைப் பயந்துபோய்ப் பிடுங்க வேண்டாம் என்பதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பொதுவான அறிவுரை.

ஸ்டாக் இறந்த பிறகு ஜெர்மன் வேதியியலாளர்கள் அவர் நினைவாக ஒரு பரிசை ஏற்படுத்தி, கனிம வேதியியலில் சாதித்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கொடுத்து வந்தார்கள். நாஜிக் காலத்தில் அவர் நடந்துகொண்ட விதம் மறுபடியும் பேசப்பட்டதால், அண்மை ஆண்டுகளில் அந்தப் பரிசின் பெயர் மாற்றப்பட்டது. இப்போது அது பாஸ்பரஸ் சேர்மங்களில் ஆராய்ச்சி செய்த மரியான் பௌட்லர் பெயரில் வழங்கப்படுகிறது.